பள்ளி நாள்காட்டியும் பசை காயும் நேரமும்

ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே கையால் புத்தகம் செய்து விற்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இறங்கியபோது பைண்டிங் கற்றுக்கொள்ள வழி இருந்தது, சயனோடைப் என்ற நீலப்பட அச்சு கற்றுக்கொள்ள வழி இருந்தது, விலை வைப்பது எப்படி என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். மாதச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறவர் இதையும் சேர்த்துச் சுமந்தால் எது எதன்மேல் வந்து மோதும் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அந்த மோதலில் எனக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் போனது. ஒரு பருவ விடுமுறை முழுவதும் போனது. வலது கட்டைவிரலின் அடியில் வந்த வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. தனியாக மாட்டிக்கொண்டு இரவில் விழித்திருந்த அந்த மாதங்களில், இதை யாராவது முன்பே எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

நான் செய்வது ‘ஆர்ட்டிஸ்ட் புக்’ எனப்படும் கலைப்படைப்புப் புத்தகங்கள். உள்ளடக்கத்தைச் சுமக்கும் பெட்டியாகப் புத்தகத்தை நினைக்காமல், தாள், மடிப்பு, தையல், அட்டை எல்லாம் சேர்ந்ததே படைப்பு என்று செய்வது. என் புத்தகங்களில் இலைகளின் நீல நிழற்படங்கள் இருக்கும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளின் கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் கழுவும்போது வெள்ளையாகும். இதுதான் சயனோடைப், ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இதே முறையில் கடற்பாசிகளை அச்சிட்டுப் புத்தகமாக்கத் தொடங்கினார். அவர் பெயரைப் பின்னால் மறுபடி சொல்லப் போகிறேன். அவர் செய்த ஒரு காரியம் என்னைக் காப்பாற்றியது.

முதலில் சில பிரதிகள் மட்டும் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தேன். அவர்கள் மூலம் கேட்டவர்களுக்கு விற்றேன். பிறகு ஐம்பது பிரதிகள் கொண்ட, எண்ணிட்ட ஒரு பதிப்பை அறிவித்து முன்பதிவு எடுத்தேன். எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பணம் வந்தது. அந்த வாரம் வகுப்பறையில் நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை. கையால் செய்த ஒன்றை முன்பின் தெரியாத ஒருவர் பார்க்காமலே நம்பி வாங்குவது போன்ற சந்தோஷம் வேறு இல்லை. வந்த பணத்தில் பெரும்பகுதிக்குத் தாளும் அட்டையும் நூலும் வாங்கினேன். பருவத் தேர்வு முடிந்து பரிசுகள் கொடுக்கும் பண்டிகைக் காலத்துக்குள் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். ஆசிரியர்களுக்கு இந்த வாக்கியத்திலேயே ஆபத்து தெரியும். மக்கள் பரிசு வாங்கும் காலமும் நாம் விடைத்தாள் திருத்தும் காலமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அறிவிப்பதற்கு முன் நீங்களும் இதைப் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துச் சேர்த்துத் தைக்கும் தாள் கொத்தை ஃபாரம் என்போம். ஒரு பிரதிக்கு ஆறு ஃபாரம், ஃபாரத்துக்கு நான்கு தாள், ஆக 24 தாள். ஐம்பது பிரதிக்கு 1,200 தாள்களை ஒவ்வொன்றாக மடித்து, மடிப்பைத் தேய்த்துக் கூர்மையாக்க வேண்டும். ஃபாரத்துக்கு ஐந்து துளை என்றால் குத்தூசியால் போடும் துளைகள் 1,500. ஃபாரத்துக்கு ஒரு நீலப்படம் என்றால் 300 படங்கள். ஒவ்வொன்றுக்கும் 15 நிமிட வெயில் தேவை, ஒரே நேரத்தில் நான்கு கண்ணாடிச் சட்டங்களை வைக்கலாம் என்றால், ஏறக்குறைய 19 மணி நேர நல்ல வெயில் வேண்டும். இதில் கெட்டுப்போவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்க்க வேண்டும். 19 மணி நேரம் என்பது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நல்ல வெயில் அடிக்கும் மணி நேரங்கள் எல்லாம் பள்ளிக்குச் சொந்தமானவை. எனக்கு மீதி இருந்தது வார விடுமுறை மட்டும், அதுவும் மேகம் இல்லாத வார விடுமுறை. ஒரு பிரதியை முழுதாகச் செய்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துவைத்து, அதைப் பெருக்கிப் பார்த்த பிறகே எத்தனை பிரதி என்று முடிவு செய்யுங்கள். மொத்த மணி நேரத்தோடு, அதில் பகலில் மட்டுமே செய்யக்கூடியது எவ்வளவு என்பதையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் அடி தாளில் விழுந்தது. அமிலமற்ற தாள் என்று முகப்பில் போட்டிருந்ததை நம்பி, நீலப்படங்களுக்கான தாளை மொத்தமாக வாங்கியிருந்தேன். ஆவணங்களுக்கு அமிலமற்ற தாள்தான் நல்லது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட தாள்கள் பலவற்றில், பின்னாளில் அமிலம் சேர்ந்தாலும் தாங்குவதற்காகக் கால்சியம் கார்பனேட் கலந்திருப்பார்கள். அதனால் தாள் காரத்தன்மை பெறுகிறது. சயனோடைப்பின் நீலம் பிரஷ்ய நீலம். அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. என் படங்கள் கழுவும் தொட்டியிலேயே வெளுக்கத் தொடங்கின. தப்பியவையும் சில வாரங்களில் நடுவில் மஞ்சள் படிந்து சோர்ந்துபோயின. காலையில் பெட்டியைத் திறந்து, இலையின் நரம்பு தெரிந்த இடத்தில் ஒரு அழுக்கு மஞ்சளைப் பார்த்தபோது அடிவயிறு கலங்கியது. விஷயம் தெரிந்த ஒரு அச்சுக்கலைஞர் சொன்ன பிறகே காரணம் புரிந்தது. நீலப்படத்துக்குக் கார்பனேட் கலக்காத பருத்தித் தாள் வேண்டும். படத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடைத்தாளும் அப்படியே இருக்க வேண்டும். எந்தத் தாளையும் கட்டுக் கட்டாக வாங்குவதற்கு முன் ஒரு தாளை வாங்கி அச்சிட்டு, ஒரு மாதம் சும்மா வைத்துப் பாருங்கள். முன்பதிவுப் பணம் கையில் இருந்தால் அந்த ஒரு மாதம் காத்திருக்க மனம் வராது. முன்பதிவு எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

மறுபடி தாள் வாங்கி, மறுபடி அச்சிட்டு முடிப்பதற்குள் தேர்வு வந்துவிட்டது. பகலில் மேற்பார்வை, மாலையில் விடைத்தாள், இரவு பத்து மணிக்கு மேல் அட்டை வெட்டுவது என்று ஓடியது. தாளுக்கும் அட்டைக்கும் இழையோட்டம் உண்டு, அதாவது உள்ளே இருக்கும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். ஈரம் பட்டால் தாள் இழைக்குக் குறுக்கே விரியும், காயும்போது சுருங்கும். அட்டை, அதன்மேல் ஒட்டும் தாள், உள்பக்கம் ஒட்டும் தாள் மூன்றின் இழையும் புத்தக முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்பது பைண்டிங்கின் பாலபாடம். அதை நான் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் நாள் முழுவதும் நின்று, பேசி, கண் எரியத் திருத்திவிட்டு வந்த தலைக்கு, மேலுறைத் தாளைத் திருப்பிப் போட்டால் ஒரு தாளில் கூடுதலாக ஓர் அட்டைக்குக் கிடைக்கிறதே என்பது மட்டும்தான் தெரிகிறது. பதினெட்டு அட்டைகளை அப்படி ஒட்டி, பலகைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். பாரத்தை எடுத்ததும் எல்லாம் படகுபோல வளைந்து நின்றன. பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசை காய்ந்த பிறகு பிரித்தெடுக்க முடியாது. அட்டையும் தாளும் சேர்ந்தே குப்பைக்குப் போயின.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். ஆசிரியர் வேலை நம்மிடமிருந்து மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. நாற்பது பேரின் முகத்தை ஒரே நேரத்தில் கவனிக்கிற அந்தக் கூர்மையை எடுத்துக்கொள்கிறது. வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் வேண்டியது அதே கூர்மைதான். அதனால் நாளில் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று பார்த்துத் திட்டம் போட்டால் ஏமாந்துபோவோம். எந்த வேலையைக் களைத்த கை செய்யும், எதைச் செய்யாது என்று பிரிக்க வேண்டும். மடிப்பது, துளை போடுவது, நூலுக்குத் தேன்மெழுகு பூசுவது, தைப்பது இவையெல்லாம் மாலை வேலைகள். தையல் தப்பினால் அவிழ்த்துத் தைக்கலாம். உண்மையில் தையல் எனக்கு வகுப்பின் இரைச்சலை இறக்கிவைக்கிற இடம். அளப்பது, வெட்டுவது, பசை பூசுவது, எண்ணிட்டுக் கையெழுத்திடுவது ஆகியவற்றைத் தூங்கி எழுந்த விடுமுறைக் காலையில் மட்டும் செய்கிறேன். பள்ளி நடக்கும் நாளில் கத்தியையே எடுப்பதில்லை. வெட்டிய எல்லாத் தாளிலும் அட்டையிலும் பென்சிலால் இழை ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிடுகிறேன். சந்தேகம் இருந்தால் தாளை மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த வளைவுக்கு இணையாக இழை ஓடுகிறது. பசையையும் மாற்றிக்கொண்டேன். சரிசெய்ய அவகாசம் வேண்டிய இடங்களில் கோதுமை மாவுப் பசை. மெதுவாகக் காயும், தேவைப்பட்டால் ஈரப்படுத்திப் பிரிக்கலாம். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இரண்டு மடங்கு நேரம் பாரத்துக்கு அடியில் வைக்கவேண்டும்.

சொன்ன தேதி தாண்டியது. பெரும்பாலோர் பொறுத்துக்கொண்டார்கள். சிலர் பரிசுக்காக வாங்கியவர்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கேட்டது நியாயம். ஆனால் அந்தப் பணம் தாளாகவும் வீணான அட்டையாகவும் மாறிவிட்டிருந்தது. சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த நாட்களில் ஒரு மாலை, விடைத்தாள் கட்டில் ஒன்றை எடுத்தபோது ஓரத்தில் நீலமாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. என்னுடையது. அந்தப் பையன் சராசரியாக எழுதுகிறவன், அன்று ஒரு கேள்விக்கு மட்டும் தாளை நிறைத்து அழகாக எழுதியிருந்தான். அந்தப் பதிலை நான் ஏற்கெனவே படித்து மதிப்பெண் போட்டிருந்தேன், என்ன எழுதியிருந்தான் என்று ஒரு வரி நினைவில்லை. கட்டு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து திருத்தினேன். அவனுக்கு மதிப்பெண் கூடியது. புத்தகம் செய்வதால் பணம் போனதைவிட அந்த இரவு எனக்கு அதிகம் வலித்தது. இரண்டையும் நேசிக்கிறவருக்குத்தான் இந்த வலி தெரியும். ஒன்றை மற்றொன்றுக்குத் திருடிக் கொடுக்கிறோமோ என்ற பயம் எப்போதும் கூடவே வரும். திருத்தும் வாரங்களில் இப்போது மேசையில் புத்தக வேலை எதுவும் இருக்காது. எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீந்த பிரதிகளில் சிலவற்றை ஒரு கடையில், விற்ற பிறகு பணம் என்ற முறையில் வைத்தேன். இந்த முறையில் விலையில் 40 முதல் 50 சதவீதம் வரை கடைக்குப் போவது வழக்கம். கடைக்கு இடம், ஆள், விளக்கு எல்லாம் செலவு, ஆகவே அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாதியைக் கழித்த பிறகும் உங்கள் பொருள் செலவும் கூலியும் வரும்படி விலை இருக்க வேண்டும். நேரில் விற்கும்போதும் அதே விலைதான் சொல்ல வேண்டும், குறைத்தால் கடை உங்களை நம்பாது. நான் எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, அப்போது யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. கடை கைமாறியது, விற்றதற்குப் பணம் வரவில்லை, திரும்பி வந்த பிரதிகள் கண்ணாடி அலமாரியில் வெயில் பட்டு வெளுத்திருந்தன. வெளிச்சத்தில் வெளுத்த சயனோடைப்பை இருட்டில் வைத்தால் ஓரளவு நீலம் மீளும். என் படங்களும் மீண்டன, ஆனால் விளிம்பு நசுங்கிய அட்டை மீளவில்லை. எத்தனை பிரதி, என்ன விலை, எத்தனை சதவீதம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்கு, சேதமானால் யார் பொறுப்பு, எங்கே வைக்கக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதே கடை வைத்த அறிமுக அட்டையில் நான் வேலை செய்யும் பள்ளியின் பெயரையும் போட்டிருந்தார்கள். அது நிர்வாகத்தின் கண்ணில் பட்டு, அனுமதி பெற்றீர்களா என்று விளக்கம் கேட்டார்கள். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை, ஆனால் பதில் கடிதம் எழுதி, அழைக்கப்பட்டு உட்கார்ந்து, தூக்கமில்லாமல் கழிந்த வாரங்களை யார் திருப்பித் தருவார்கள்? அறிவிப்பு விடுவதற்கு முன் உங்கள் பணி விதிகளை எடுத்துப் படியுங்கள். வெளியே வருமானம் ஈட்ட முன்அனுமதி வேண்டும் என்று பல நிறுவனங்களில் இருக்கும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் நகல் இயந்திரம், தாள் வெட்டும் கருவி எதையும் தொடாதீர்கள். நிறுவனத்தின் நேரத்திலும் கருவியிலும் உருவானதில் அதற்கும் உரிமை உண்டு என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் விற்காதீர்கள். வாங்கவில்லையென்றால் மதிப்பெண் குறையுமோ என்ற சந்தேகம் ஒரு குழந்தையின் மனதில் வந்தால் போதும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதற்கும் மரியாதை இல்லை. புத்தக வரவு செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வரி கட்டும் நேரத்தில் அதன் அருமை தெரியும்.

உடம்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கரும்பலகையில் எழுதும் கை, திருத்தும் கை, குத்தூசி பிடிக்கும் கை மூன்றும் ஒன்று. கட்டைவிரலின் அடியில் தொடங்கிய வலி மணிக்கட்டுக்கு ஏறி, கதவுக் கைப்பிடியைத் திருப்பக்கூட முடியாமல் செய்தது. மருத்துவர் ஓய்வு சொன்னார், அந்தப் பருவ விடுமுறை அப்படியே போனது. இப்போது குத்தூசியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கியிருக்கிறேன். பிடி தடித்தால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. ஒரே அசைவை அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்வதில்லை. திருத்துகிற நாளில் ஊசி வேலை கிடையாது.

அந்த விடுமுறையில் கையை மடியில் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் அன்னா அட்கின்ஸ் எப்படி வெளியிட்டார் என்பது கண்ணில் பட்டது. அவர் தன் கடற்பாசிப் புத்தகத்தை ஒரேயடியாகக் கொண்டுவரவில்லை. 1843இல் தொடங்கி 1853 வரை பகுதி பகுதியாக அச்சிட்டு, அந்தந்தப் பகுதியை வேண்டியவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பத்து ஆண்டுகள்! அவருக்குச் சம்பள வேலை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் பெரிய ஒன்றைச் சிறு பகுதிகளாக, ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையாக வெளியிடலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் எனக்கு வந்தது. அந்த ஐம்பது பிரதிப் பதிப்பை முடித்து எல்லோருக்கும் அனுப்பிய பிறகு, முறையையே மாற்றிவிட்டேன். இப்போது ஒரு பகுதிக்கு ஒரு ஃபாரம், இருபது பிரதிகள், விசிறி மடிப்பு அல்லது ஒற்றைத் தையல், கெட்டி அட்டைக்குப் பதில் தடித்த தாளுறை. ஒரு விடுமுறையில் அச்சிட்டு, பருவம் முழுவதும் மாலைகளில் மடித்துத் தைத்து, அடுத்த விடுமுறையில் வெட்டி முடிக்க முடிகிறது. எல்லாப் பகுதிகளும் வேண்டும் என்கிறவர்களுக்கு, அவற்றை வைக்கும் பெட்டி ஒன்றைக் கடைசியாகச் செய்வேன்.

கடைசிப் பிரதி உறைக்குள் போன பிறகே அறிவிக்கிறேன். அனுப்பும் வேலைக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறேன். புத்தகத்தைவிட அரை அங்குலம் பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினால் மூலை நசுங்காது. ஒன்றைக் கட்டி முகவரி எழுதக் கால் மணி நேரம் ஆகிறது, அதுவும் விலைக்குள் இருக்கிறது. நூலகங்களின் சிறப்புச் சேகரிப்புப் பிரிவுகளும் வாங்குகின்றன. பணம் வர ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகலாம், ஆனால் வரும். வருமானம் முன்பைவிடக் குறைவு. கடன் இல்லை. பண்டிகைக்குள் முப்பது பிரதி செய்து தரமுடியுமா என்று சென்ற பருவத்தில் ஒருவர் நல்ல தொகை சொல்லிக் கேட்டார். தேர்வு நடந்துகொண்டிருந்தது. இருப்பில் உள்ள நான்கு பிரதிகளை உடனே அனுப்பலாம், மற்றவை அடுத்த விடுமுறைக்குப் பிறகு செய்து முடித்ததும் தெரிவிக்கிறேன், அதுவரை பணம் அனுப்ப வேண்டாம் என்று பதில் எழுதினேன். நான்கையும் வாங்கிக்கொண்டார்.